இனி வரத் தேவையில்லை

பயிற்சி மண்டபங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். ஓடுகிற மின்விசிறி ஒன்று, ஓடாதது ஒன்று. ஆளுக்கொரு குறிப்பேடு, சாயங்காலத்துக்குள் மூடி தொலைந்துபோகிற பேனா. போன வாரம் வேறு யாரோ எழுதி ஒட்டிவிட்டுப்போன 'நமது இலக்குகள்' சுவரிலேயே தொங்கும். அது யாருடைய இலக்கு, அடைந்தார்களா இல்லையா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பெரிய சிஸ்டர் ஒன்பது வருடமாக இந்த மாதிரி மண்டபங்களில்தான் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறாள்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். பெரிய சிஸ்டர் என்ற பெயர் அங்கே ஒட்டியது, பிறகு போகவில்லை. இப்போது அவள் நர்ஸ்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் மூன்று நாள் பயிற்சி கொடுக்கிறாள். பெரியவர்கள் பிள்ளைகளின் உடம்பை விற்கிறார்கள், வாங்குகிறார்கள். அந்தப் பிள்ளைகள் அதை நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை. தலைவலி என்று வருகிறார்கள், கண் எரிகிறது என்று வருகிறார்கள். அவர்களை எப்படிக் கண்டுகொள்வது, மிரட்டாமல் எப்படிப் பேசுவது, பேச மாட்டேன் என்றாலும் எப்படிக் கைவிடாமல் இருப்பது என்பதுதான் பாடம்.

இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடிப்புப் பயிற்சி. எல்லாருக்கும் கண் சொருகுகிற நேரம், ஆனால் இதில் மட்டும் யாரும் தூங்கியது கிடையாது. நடுவில் இரண்டு நாற்காலிகள் போடுவார்கள். ஒன்றில் பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவர், நர்ஸாக. மற்றதில் பெரிய சிஸ்டர், பதினாறு வயதுப் பெண்ணாக.

உட்காரும்வரை ஐம்பத்து மூன்று வயது, முட்டிவலி, மூக்குக் கண்ணாடி. உட்கார்ந்ததும் ஒரு செருப்பைக் கழற்றி அந்தக் காலை மற்ற காலின் மேல் வைத்துக்கொள்வாள். சட்டைக் கையை விரல் மறைய இழுத்துவிட்டுக்கொள்வாள். எதைக் கேட்டாலும் முதலில் ஒரு தடவை கதவைப் பார்ப்பாள், அப்புறம்தான் பதில். பார்க்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். 'மேடம், நீங்க நாடகத்துல சேர்ந்திருக்கணும்' என்பார்கள். அவள் சிரித்துவைப்பாள். அது நடிப்பு இல்லை என்று அவளுக்குத்தான் தெரியும்.

இந்தப் பயிற்சிக்கு ஒரு விதி உண்டு. நடித்து முடித்தவர் எழுந்து, நாற்காலியின் முதுகைத் தொட்டு, தான் யார், சாயங்காலம் தனக்கு என்ன வேலை இருக்கிறது என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். 'நான் சமூகப் பணியாளர். சாயங்காலம் பையனுக்குச் செருப்பு வாங்கணும்' என்பதுபோல. அடுத்தவர் துயரத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக. பெரிய சிஸ்டர் எல்லாரையும் இதைச் சொல்லவைப்பாள். தான் ஒருநாளும் சொன்னதில்லை. ஒன்பது வருடத்தில் யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

அவளுடைய வீட்டுக்காரருக்கு மட்டும் சந்தேகம் உண்டு. பயிற்சி நாட்களில் அவர் கதவைத் திறந்து, "வந்திருக்கிறது நீயா, அந்தப் பொண்ணா?" என்று கேட்பார். விளையாட்டுக்குத்தான் கேட்பார். ஆனால் சாப்பிடும்போது, உப்பு போதுமா என்று கேட்டால்கூட அவள் முதலில் கதவைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வாள். அப்போது அவர் சிரிப்பதில்லை.

அந்தப் பெண் நிஜம். பதினொரு வருடத்துக்கு முன் நான்கு செவ்வாய்க்கிழமைகள் பெரிய சிஸ்டரிடம் வந்தவள். அவளுடைய மருத்துவ கார்டுதான் பாடம். பெயர் இருந்த மூலையைக் கத்தரித்துவிட்டு, அதன் நகலைத்தான் எல்லாருக்கும் கொடுப்பாள். முதல் வாரம் முன்கையில் காயம். இரண்டாம் வாரம் வயிற்றுவலி. மூன்றாம் வாரம் கண் எரிச்சல். அதற்குக் கீழே ஒரு வரி அகலத்துக்கு வெறும் வெள்ளை. நகல் எடுக்கும்போது அசல் கார்டில் அந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுவாள்.

இந்தத் தடவை நாற்பது பேர் வந்திருந்தார்கள். அதில் ஒரு நர்ஸுக்குக் 'கடிகாரம்' என்று முதல் நாளே பெயர் வைத்துவிட்டார்கள். முப்பது வயது இருக்கும். ஒன்பது மணி என்றால் எட்டு ஐம்பதுக்கு வந்து உட்கார்ந்திருப்பாள், தேநீர் இடைவேளை பதினைந்து நிமிடம் என்றால் பதினான்காவது நிமிடம் கோப்பையைக் கழுவிவிடுவாள். பெயர் வைத்தவர் ஒரு சமூகப் பணியாளர். மார்புவரை தாடி. அதனால் அவருக்குப் பெயர் வைக்கிற சிரமம் யாருக்கும் இருக்கவில்லை.

கார்டின் நகல் கைக்கு வந்ததும் கடிகாரம் கையைத் தூக்கினாள்.

"மேடம், கடைசியில ஒரு வரி காலியா இருக்கே?"

பெரிய சிஸ்டர் கதவைப் பார்த்தாள். "பழைய கார்டும்மா. அழிஞ்சிருக்கும்."

"மேல இருக்கிறதெல்லாம் நல்லா தெரியுதே."

"அவங்க கடிகாரம் மேடம், ஒரு நிமிஷம் குறைஞ்சாலும் விட மாட்டாங்க" என்றார் தாடிக்காரர். எல்லாரும் சிரித்ததில் கேள்வி தப்பித்துப்போனது.

நடிக்க முதலில் கடிகாரமே முன்வந்தாள். நன்றாகவும் செய்தாள், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாற்காலியை நேருக்கு நேர் போடாமல் கொஞ்சம் சாய்த்துப் போட்டாள். கேள்வியை அடுக்கவில்லை. காயத்தைத் தொடுவதற்கு முன் அனுமதி கேட்டாள். பெரிய சிஸ்டர் ஒரு காலை மறு காலின்மேல் வைத்து, வழக்கம்போல ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கண் இப்ப எரியுதாம்மா?"

கதவைப் பார்த்தாள். "இல்ல."

"வயிறு?"

"இல்ல."

"அப்ப இன்னிக்கு என்ன செய்யுது?"

பெரிய சிஸ்டரின் வாய் திறந்தது. "ஒண்ணுமில்ல சிஸ்டர். சும்மாதான் வந்தேன்."

அது மூன்றாம் வாரத்துப் பதில் இல்லை. நான்காம் வாரத்துப் பதில். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அந்த வாரத்துக்குள் போனதில்லை. எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

கடிகாரத்தின் முகம் மலர்ந்தது. அது பொய் இல்லாத மலர்ச்சி. நோயாளி குணமாகிவிட்டால் ஒரு நல்ல நர்ஸின் முகம் அப்படித்தான் மலரும். "அப்ப எல்லாம் சரியாயிடுச்சு! நல்ல பொண்ணு. இனிமே நீ வரவே வேண்டாம்மா" என்றாள்.

ஓடுகிற மின்விசிறி மட்டும் கேட்டது. நாற்காலியில் இருந்தவள் எதிரே இருந்த சிரிப்பைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும், பதினொரு வருடத்துக்கு முன் தன் முகத்தில் இருந்தது. அதை இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இருந்தது. அந்த ஒரு நாளைத்தான் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டு போகிறார்கள். வெளியே பெஞ்சில், கூட்டிவந்த அக்கா காத்திருக்கிறாள். எழுந்து அவளோடு போக வேண்டும், அடுத்த செவ்வாய்க்கிழமை வீட்டிலேயே இருக்க வேண்டும். பெரிய சிஸ்டர் சட்டைக் கையை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மேடம்?" என்றாள் கடிகாரம். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்துவிட்டது. "என்ன தப்பா சொல்லிட்டேன்? உடம்பு சரியானா கார்டை முடிச்சுத்தானே ஆகணும்? இல்லேன்னா வரிசை எப்படிக் குறையும்? இந்தப் பயிற்சிக்கு வர்றதுக்காகச் சனிக்கிழமை உக்காந்து பதினோரு கார்டு முடிச்சேன். அதுல ஒருத்தி ஆறு தடவை வந்துட்டா. கையில சுட்ட காயம், அது ஆறியே போச்சு. அப்புறம் தலை சுத்தல், அப்புறம் இருமல். பரிசோதனையில ஒண்ணும் இல்ல. சும்மா வர்றா."

"என்ன வயசு?" பெரிய சிஸ்டரின் குரல் நாற்காலியிலிருந்தே வந்தது.

"பதினாறு."

"யாரோட வர்றா?"

"சித்தியோட. தங்கமான சித்தி மேடம். ஒரு தடவைகூடத் தனியா அனுப்பினதில்ல. வாசல்லயே உக்காந்திருப்பாங்க. அப்படி ஒரு சித்தி கிடைக்கக் குடுத்து வச்சி..."

வாக்கியம் பாதியில் நின்றது. ஒன்றரை நாளாகத் தன் கையாலேயே எழுதிய குறிப்புகள் அவள் மடியில் இருந்தன. தனியாக விட மாட்டார்கள், அடிக்கடி வருவாள், சொல்லும் நோய் மாறிக்கொண்டே இருக்கும். எல்லாம் அழகான கையெழுத்தில், கீழே கோடு போட்டு. அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. பாடத்தில் வருகிற பெண் வேறு, சனிக்கிழமை முடித்துத்தள்ள வேண்டிய பதினோரு கார்டு வேறு. நம் எல்லாருக்கும் அப்படித்தான்.

"கார்டைக் குடுத்துட்டியா?"

"கவுன்டர்ல வச்சிருக்கேன். இன்னிக்கு நாலு மணிக்கு வருவா. குடுத்து அனுப்பிடுவாங்க." கடிகாரம் கையைத் திருப்பி மணி பார்த்தாள். "இப்ப ரெண்டே முக்கால்."

பெரிய சிஸ்டருக்கு ஒரு வழி இருந்தது. கவுன்டருக்குப் போன் செய்து கார்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, காரணத்தைப் பாடமாகச் சொல்லிவிட்டு, பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் கடிகாரம் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'அப்படி என்ன பெரிய தப்பு, ஒரு கார்டுதானே' என்று அந்த முகம் யாராவது சொல்ல வேண்டுமென்று கெஞ்சியது. பெரிய சிஸ்டரும் அந்த வார்த்தைக்காகப் பல வருடம் காத்திருந்தவள்தான்.

எழுந்தாள். கழற்றிய செருப்பைப் போட்டுக்கொண்டாள். நாற்காலியின் முதுகைத் தொட்டாள்.

"நான் ஒரு நர்ஸ்" என்றாள். "இந்த நாற்காலியில உக்காந்திருந்தவ நான் இல்ல. எதிர் நாற்காலியில உக்காந்திருந்தவதான் நான்."

பையிலிருந்து அசல் கார்டை எடுத்தாள். ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தைக் கிழித்துவிட்டுக் கடிகாரத்திடம் நீட்டினாள். மூலை வெட்டுப்பட்ட பழுப்புக் கார்டு. நான்காவது வரியில், பள்ளிக்கூடத்துப் பெண்போல உருட்டி உருட்டி எழுதிய எழுத்தில், 'முழு நலம். இனி வரத் தேவையில்லை.' கீழே கையெழுத்து.

"சந்தோஷமா எழுதினேன். அவகூட வந்த அக்காகிட்ட, 'சொந்த அம்மாகூட இப்படிக் கூட்டிட்டு வர மாட்டாங்க'ன்னு வேற சொன்னேன். அந்தப் பொண்ணு கார்டைக் கையில வாங்கிப் படிச்சா. அப்புறம் மேசை மேலயே வச்சிட்டுப் போயிட்டா. மறந்துட்டுப் போறான்னு நினைச்சேன். மூணு மாசம் கழிச்சு ஒரு போட்டோவோட ரெண்டு பெண் போலீஸ் வந்தாங்க. அவளை வச்சிருந்த வீட்டை ரொம்ப நாள் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க, அதுக்குள்ள எல்லாரும் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. உடம்பு கெட்டா அவங்களுக்குத்தான் கஷ்டம்னு ஆஸ்பத்திரிக்கு மட்டும் அவளை வெளிய விட்டிருக்காங்க. வேற எங்கயும் இல்ல. இங்க மட்டும்தான்."

விதிப்படி இன்னும் ஒரு வாக்கியம் பாக்கியிருந்தது.

"இன்னிக்கு நாலு மணிக்கு எனக்கு ஒரு மருத்துவமனைக்குப் போற வேலை இருக்கு."

தாடிக்காரர் அதற்குள் கார் சாவியை எடுத்துவிட்டார். மற்றவர்களிடம் பெரிய சிஸ்டர், "நீங்க முடிச்ச கார்டுகளை நினைச்சுப் பாருங்க. நாங்க வர்றவரைக்கும் எழுதுங்க" என்றாள். முப்பத்தெட்டுப் பேரும் குறிப்பேட்டைத் திறந்தார்கள். அந்த வேகத்தில் அவர்கள் எதையும் எழுதி அவள் பார்த்ததில்லை.

கவுன்டர் தொலைபேசி கிடைக்கவில்லை. மதியத்தில் அங்கே இருப்பவர் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவாராம். கடிகாரம் அதைச் சொல்லும்போது அழுதாள். தாடிக்காரரின் கார் ஓடுவதைவிட அதிகமாக இருமியது.

"போலீஸுக்குச் சொல்லிடலாமே?" என்றார்.

"குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் சொல்றேன், இப்பவே." பெரிய சிஸ்டர் எண்ணைத் தேடிக்கொண்டே பேசினாள். "சொல்லியே ஆகணும். ஆனா அவங்க வீட்டைக் கண்டுபிடிச்சு, கவனமா உள்ள போக நாள் ஆகும். அதுக்குள்ள சித்திக்கு மூக்குல வேர்த்துடக் கூடாது. அந்தப் பொண்ணு வர்றதும் நிக்கக் கூடாது." பின் இருக்கையில் இருந்த கடிகாரத்திடம் திரும்பினாள். "நீ எதுவும் கேக்காதே. தனியா ஒரு பத்து நிமிஷம் அவகூட இரு, போதும். அதுவரைக்கும் சித்தியை நான் பாத்துக்கறேன். திரும்பி வர்றதுக்கு ஒரு காரணம் எழுதிக் குடு."

"பொய்க் காரணம் எழுதணுமா மேடம்? நான் கார்டுல பொய் எழுதினதே இல்ல."

"உண்மையைத் தேடிப் பாரு. இருக்கும்."

நான்கு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். சித்தியும் பெண்ணும் முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கார்டு இன்னும் கவுன்டரில்தான் இருந்தது. கடிகாரம் அதை எடுத்து, சனிக்கிழமை எழுதிய முடிவு வரியை அடித்துவிட்டுப் பார்த்தாள், பிறகு இன்னொரு தடவை பார்த்தாள். ஆறு தடவைக்கும் எடை குறித்திருந்தது. நாற்பத்தாறு, நாற்பத்தைந்து, நாற்பத்து நான்கரை, கடைசியில் நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றையும் தானே எழுதியிருக்கிறாள். மேலிருந்து கீழாக ஒரு தடவையும் படித்ததில்லை. "எடை பாக்கணும். உள்ள நோயாளி மட்டும் வரலாம்" என்று அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பெரிய சிஸ்டர் போய்ச் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொடுமை என்னவென்றால், அந்தச் சித்தி நல்ல பேச்சுக்காரி. தேய்த்த உடை, மடியில் குடை, கையில் பிஸ்கட் பொட்டலம். கேட்காமலேயே இரண்டை எடுத்து நீட்டினாள். முட்டிவலி காட்ட வந்தேன் என்று பெரிய சிஸ்டர் சொன்னதும் அதற்கு மூன்று வைத்தியம் சொன்னாள், மூன்றும் சரியான வைத்தியம். மருத்துவமனைக் கழிப்பறையைப் பற்றி அவள் சொன்ன ஒரு வேடிக்கைக்குப் பெரிய சிஸ்டர் உண்மையிலேயே சிரித்துவிட்டாள். அந்த அக்காவும் இப்படித்தான் சிரிக்கவைப்பாள். மீதிப் பிஸ்கட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆறு நிமிடம் ஆனது. சித்தி கதவைப் பார்த்தாள். "எடை பாக்க இவ்வளவு நேரமா?" குடையை ஊன்றி எழுந்தாள்.

பத்து நிமிடம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இன்னும் நான்கு பாக்கி. முட்டி வைத்தியம் தீர்ந்துவிட்டது. அவளிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். தன் நாக்கை அறுத்துக்கொள்ளலாம்போல இருந்தது, ஆனாலும் சொன்னாள்.

"சொந்த அம்மாகூட இப்படிக் கூட்டிட்டு வர மாட்டாங்க. குடுத்து வச்ச பொண்ணு."

சித்தி நின்றாள். முகம் இளகியது. மறுபடி உட்கார்ந்தாள். "நல்லா சொன்னீங்க. இந்தக் காலத்துல யாரு இதையெல்லாம் பாக்கறாங்க" என்று ஆரம்பித்து, தான் பட்ட பாட்டை எல்லாம் சொல்லத் தொடங்கினாள். பெரிய சிஸ்டர் 'ஆமாம், ஆமாம்' என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான்கு நிமிடமும் ஓடியது, அதற்கு மேல் ஒன்றும் ஓடியது.

கதவு திறந்தது. குட்டையான பெண், நகமெல்லாம் கடித்துத் தீர்த்திருந்தாள். பெரிய சிஸ்டர் தன்னையறியாமல் அந்த முகத்தில் வேறு ஒருத்தியைத் தேடினாள். இவள் அவள் இல்லை. அவளுக்கு இப்போது இருபத்தேழு வயது ஆகியிருக்கும், இருந்தால். இது தெரிந்த விஷயம்தான், இருந்தும் ஏமாற்றமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமையா? எதுக்கு?" கார்டை எட்டிப் பார்த்த சித்தி கேட்டாள்.

"எடை நாலு கிலோ குறைஞ்சிருக்கு" என்றாள் கடிகாரம். குரல் ஒரு சிறு ஆட்டமும் இல்லாமல் இருந்தது. "வாரம் ரெண்டு தடவை இங்க வந்து பாத்துக்கிட்டா போதும். விட்டுட்டா, படுக்கையில சேர்க்கச் சொல்லிடுவாங்க. உங்களுக்குத்தான் அலைச்சல்."

சித்தி கொஞ்சம் யோசித்தாள். "சரி, வர்றோம். எல்லாம் இவ நல்லதுக்குத்தானே" என்று பெரிய சிஸ்டரைப் பார்த்துச் சிரித்தாள். கார்டுக்காகக் கையை நீட்டினாள். அந்தப் பெண் அதைக் கொடுக்கவில்லை, இரண்டாக மடித்துத் தன் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவர்கள் வாசலைத் தாண்டிய பிறகு கடிகாரம் பெஞ்சில் சரிந்தாள். "ஒண்ணும் கேக்கல மேடம். எடை பாத்தேன், தண்ணி குடுத்தேன். வெள்ளிக்கிழமை வர்றியான்னேன். 'வர முடிஞ்சா வர்றேன்'னா." கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "பதினாறு வயசுப் பொண்ணு. வர முடிஞ்சாங்கறா. ஆறு தடவை வந்திருக்கா, நான் அவ இருமலை மட்டும்தான் பாத்திருக்கேன்."

மூன்றாம் நாள், பயிற்சி முடியும் நேரத்தில், எப்போதும் வருகிற கேள்வி வந்தது. பின்வரிசையிலிருந்து யாரோ தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். "அந்த முதல் பொண்ணு, அப்புறம் என்ன ஆனா மேடம்?"

ஒன்பது வருடமாக இதற்கு ஒரு பதில் இருந்தது. நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிடுவாள், வந்தவர்கள் மனம் உடைந்து போகக் கூடாதே என்று. முதல் வருடம் அவளைத் தையல் கடையில் வேலைக்குச் சேர்த்தாள். அப்புறம் சொந்த மெஷின் வாங்கிக்கொடுத்தாள். கல்யாணம் செய்துவைத்தாள். போன வருடம் ஒரு பெண் குழந்தைகூடப் பிறந்துவிட்டது. அந்த வீட்டின் ஜன்னல், மெஷின்மேல் கிடக்கும் துணி எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"தெரியாது" என்றாள். "இன்னிவரைக்கும் தெரியாது."

வீடும் மெஷினும் குழந்தையும் அந்த ஒரு சொல்லில் போயின. மற்றதெல்லாம் போகட்டும் என்று தாங்கிக்கொண்டாள். அந்தக் குழந்தைக்காகத்தான் அவளுக்கு அழுகை வந்தது. எல்லார் முன்னாலும் அழுதாள்.

வெள்ளிக்கிழமை நான்கரை மணிக்குக் கடிகாரம் போன் செய்தாள்.

"வந்தா மேடம்."

பெரிய சிஸ்டர் அடுப்பை அணைத்தாள். "பேசினாளா?"

"இல்ல. பாதுகாப்பு அலுவலகத்து அம்மா நர்ஸ் உடுப்புல எடை பாக்கற அறையில இருந்தாங்க. அவங்களும் எதுவும் கேக்கல. போகும்போது அவளாத்தான் அடுத்த தேதி கேட்டா. செவ்வாய்க்கிழமைன்னேன். 'திங்கள் இல்லையா'ன்னா. திங்கள்னே எழுதிட்டேன்."

அன்று சாப்பிடும்போது வீட்டுக்காரர் உப்பு போதுமா என்று கேட்டார். அவள் கதவைப் பார்த்துவிட்டு, போதும் என்றாள். அவர் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

சனிக்கிழமை காலை அடுத்த பயிற்சிக்கு நகல் எடுக்கப் போனாள். எப்போதும் போகும் கடைதான். கடைக்காரருக்கு வயதாகிவிட்டது, கைக்கு வருகிற எதையும் படித்துப் பார்க்காமல் மெஷினில் வைக்க மாட்டார். பிறந்த தேதியில் பிழை கண்டுபிடித்துக் கல்யாணத்தையே நிறுத்தியவர் என்று தெருவில் சொல்வார்கள். பழுப்புக் கார்டைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"எப்பவும் இங்க ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்குமே?"

"இனிமே வேண்டாம்" என்றாள்.

அவர் கண்ணை இடுக்கி அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார். "முழு நலம். இனி வரத் தேவையில்லை." முகம் மலர்ந்தது. "இத்தனை வருஷமா இதையா மறைச்சு வச்சிருந்தீங்க? நல்ல சேதிதானேம்மா. பாவம், குணமாயிட்டா போலிருக்கே."

மெஷின் வெளிச்சம் ஒரு தடவை போய் வந்தது. முதல் தாள் சூடாக வெளியே வந்து விழுந்தது.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றாள் பெரிய சிஸ்டர். "நாற்பது எடுங்க."